வல்லத்துப் பிள்ளையின் மேற்கோள் கணக்கு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து “சங்கரநாராயணா!” என்று கூப்பிட்டாலும் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். “கோமதி” என்றாலும் அதே கதைதான். பாதி உடல் சிவனும் பாதி உடல் திருமாலுமாய் நிற்கும் சங்கரநாராயணரும், ஆடித் தபசு காணும் கோமதி அம்மனும் குடியிருக்கும் ஊரில் வேறெப்படி இருக்கும்? பள்ளியில் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிட்டுச் சமாளித்துவிடுவார்கள். இவர்களில் நாலு பேர் முனைவர் பட்டம் வாங்கி ஆய்விதழ்களில் எழுதத் தொடங்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஆய்விதழ்கள் குடும்பப் பெயர் கேட்கும். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று கிடையாது; அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு. கே. கோமதி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு இதழில் அவர் ‘கோமதி கே.’ ஆகிறார். இன்னொரு இதழ் இனிஷியலை விரித்து எழுதச் சொல்ல, ‘கோமதி கிருஷ்ணன்’ ஆகிறார். அதைத் தரவுத்தளம் ‘கிருஷ்ணன் ஜி.’ என்று சுருக்கிக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் இடுப்பொடிய நின்றது மகள், மேற்கோள் ஏறுவது அப்பா பெயரில். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொண்டால், அதுவரை எழுதியதெல்லாம் வேறு யாரோ ஒரு பெண்ணுடையது ஆகிவிடும். இந்தக் குழப்பத்துக்காகவே 2012 முதல் ‘ஆர்கிட்’ என்ற 16 இலக்க அடையாள எண்ணை ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். ஆய்வில் கால் வைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிக்கொள்வது நல்லது. பெயரை ஒரே மாதிரி எழுதுவது அதைவிட நல்லது.

யார் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்ற இரண்டு எண்களும் இன்று ஓர் ஆய்வாளரின் வேலை, பதவி உயர்வு, நிதி, விருது எல்லாவற்றையும் ஆட்டிவைக்கின்றன. இந்த எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆள், பெயரிலேயே சங்கரநாராயணரை வைத்திருந்த ஒருவர். சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகத்துக்கு எஸ். எஸ். பிள்ளை.

பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்பினால் கடையநல்லூர், தென்காசி தாண்டிச் செங்கோட்டையில் போய் நிற்கும். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லம்தான் பிள்ளையின் ஊர். 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். பிறந்து ஒரு வருஷத்தில் தாய் போய்விட்டார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும். செங்கோட்டைப் பள்ளியில் இவருடைய மூளையைக் கண்டுகொண்ட சாஸ்திரியார் என்ற ஆசிரியர் கைகொடுத்ததால் படிப்பு நிற்கவில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, பிறகு 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை. அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் கே. ஆனந்தராவ், கேம்பிரிட்ஜில் ராமானுஜன் இருந்த காலத்தில் தானும் அங்கே இருந்தவர். 1929 முதல் 1941 வரை பிள்ளை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அவருடைய பெரிய வேலைகளில் அநேகம் சிதம்பரத்தில் உட்கார்ந்து செய்தவை.

என்ன வேலை? காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களே தொட்டுப் பார்க்கலாம். 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத வேண்டும். 1-ன் ஆறாம் அடுக்கு 1. 2-ன் ஆறாம் அடுக்கு 64. 3-ன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐத் தாண்டிவிட்டது, உதவாது. ஆகக் கையில் இருப்பவை 64-ம் 1-ம் மட்டும். பத்து 64 எடுத்தால் 640. மிச்சம் 63. அதற்கு அறுபத்து மூன்று 1. மொத்தம் 73 எண்கள். இதைவிடக் குறைவாக 703-ஐக் கட்ட வழியே இல்லை.

சரி, 703-க்கு 73 வேண்டும். வேறு ஏதாவது எண்ணுக்கு 74 தேவைப்படுமா? கோடி கோடியாய் விரியும் எண்களில் ஒன்றுகூட 73-க்கு மேல் கேட்காது என்று எப்படிச் சொல்வது? 1770-ல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் நிரூபணம் இல்லாமல் எழுதிவைத்துப்போன கேள்வியின் ஒரு கிளை இது. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், ஒன்பது கனங்களின் கூட்டலாக எழுதலாம், பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்றார் அவர். 1930-களின் நடுவில் ஏழாம் அடுக்கு முதல் மேலே உள்ளவற்றுக்குச் சிதம்பரத்தில் பிள்ளையும், சிகாகோவில் எல். இ. டிக்சனும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஏறத்தாழ ஒரே காலத்தில் விடை கண்டார்கள். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்பதை 1940-ல் பிள்ளை தனியாக நிரூபித்தார். ஐந்தாம் அடுக்குக்கு 1964-ல் சீனத்தின் சென் ஜிங்ருன் 37 என்று காட்டினார். நான்காம் அடுக்கு கடைசியாக 1986-ல்தான் தீர்ந்தது. தீர்த்த மூவரில் ஒருவர் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன்.

இனி, இந்த வேலை எங்கே அச்சானது என்று பாருங்கள். டிக்சனுடைய கட்டுரை அமெரிக்க இதழில் வந்தது. பிள்ளையுடையவை இந்தியக் கணிதக் கழக இதழிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழிலும் வந்தன. 73-க்கான நிரூபணம், சி. வி. ராமன் 1934-ல் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில். இந்திய ஆய்வு இந்தியாவிலேயே வெளியாக வேண்டும் என்பது அன்று பலருக்குக் கொள்கை. ராமனே தன் 1928 கண்டுபிடிப்பைக் கல்கத்தாவின் இந்திய இயற்பியல் இதழில் விரிவாக எழுதினார். ராமன் நோபல் வாங்கியதால் உலகம் அந்த இதழைத் தேடி வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழை யார் தேடி வருவார்கள்?

1933-ல் பிள்ளை அந்த இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். 6-ஐ எடுத்துக்கொண்டு, 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் 6-க்கும் உள்ள மீப்பெரு பொது வகுஎண்ணை எழுதுங்கள்: 1, 2, 3, 2, 1, 6. கூட்டினால் 15. எந்த எண்ணுக்கும் இப்படி ஒரு கூட்டுத்தொகை உண்டு. அதன் குணங்களை அவர் ஆராய்ந்தார். (பிள்ளைக்கும் முன்னால், 1885-லேயே, செசாரோ என்ற இத்தாலியர் இதன் பொதுவடிவைத் தொட்டிருக்கிறார். கணிதத்தில் யார் முதல் என்று அடித்துச் சொல்வது ஆபத்தான காரியம்.) 2001-ல் நியூசிலாந்தின் கெவின் பிராகன் இதே கூட்டுத்தொகையைப் பற்றி இணைய இதழ் ஒன்றில் எழுதினார். அதன்பின் கட்டுரைகள் வரிசைகட்டி வந்தன. இன்று எண்கணிதக்காரர்கள் அதைப் ‘பிள்ளை சார்பு’ என்றே அழைக்கிறார்கள். நடுவில் கழிந்தது அறுபத்தெட்டு வருஷம்.

மேற்கோள் கணக்குப் போடுபவர்கள் இப்படி நெடுநாள் கிடந்து பிறகு விழிக்கும் கட்டுரைகளுக்கு ‘தூங்கும் அழகிகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தார்களே தவிர, அவர்கள் கையில் உள்ள அளவுகோல்கள் அழகி விழிக்கும்வரை காத்திருப்பதில்லை.

அந்த அளவுகோல்கள் எப்படி வந்தன? நூலகங்களிலிருந்து வந்தன. சீர்காழிக்காரரும் கணித ஆசிரியருமான எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்குள் நடப்பதைப் புள்ளியியலால் அளக்க ஒரு துறை வேண்டும் என்று 1948-ல் இங்கிலாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் சொன்னவர் அவர். மறுபக்கம் அமெரிக்காவில் யூஜீன் கார்ஃபீல்டு, ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று கண்டுபிடிக்க ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-ல் எழுதினார். 1964 முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணை தடித்தடியான தொகுதிகளாக வரத் தொடங்கியது. இருவருடைய நோக்கமும் ஒன்றுதான்: வாசகனுக்கு வேண்டிய கட்டுரை கையில் கிடைக்க வேண்டும், நூலகத்தின் காசு வீணாகக் கூடாது. ஆளை எடைபோடுவது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இதழ்களுக்கான ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ என்ற தாக்கக் காரணியும் அப்படித்தான். முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது அது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர் முடிவுசெய்ய உருவானதை, எந்த ஆளுக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம் என்று முடிவுசெய்யப் பயன்படுத்துகிறோம்.

2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ‘எச்-இண்டெக்ஸ்’ என்ற எண்ணைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. ஒருவர் ஏழு கட்டுரை எழுதியிருக்கிறார். அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 50, 20, 9, 6, 5, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணி வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது. ஆறாவதுக்கு ஆறு இல்லை. ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரைக்கு 50-க்குப் பதில் 5,000 வந்திருந்தாலும் அதே 5-தான். ஒரே ஒரு மகத்தான கட்டுரை எழுதியவரை இது தண்டிக்கும். சுமாராக நிறைய எழுதியவரைத் தட்டிக்கொடுக்கும். பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு இந்த எண் ஏன் அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

ஹிர்ஷ் தன் கட்டுரையிலேயே ஒரு எச்சரிக்கையை உதாரணத்தோடு வைத்திருந்தார். இயற்பியலில் அவர் கண்ட மிகப் பெரிய எச்-இண்டெக்ஸ் எட்வர்டு விட்டனுடையது: 110. உயிர் அறிவியலில் மிகப் பெரியது சாலமன் ஸ்னைடருடையது: 191. விட்டன், கணிதத்தின் மிக உயர்ந்த பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற ஒரே இயற்பியலாளர். அவரைவிட ஸ்னைடர் 81 புள்ளி பெரிய விஞ்ஞானி என்று மனம் தெளிவான யாரும் சொல்லமாட்டார்கள். அந்த 81, துறைக்கும் துறைக்கும் உள்ள வித்தியாசம்.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேற்கோள் வானத்திலிருந்து விழுவதில்லை. இன்னொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஒரு துறைக்காரர்கள் கொடுக்கும் மேற்கோள்களின் தொகைதான், மொத்தத்தில், அந்தத் துறைக்காரர்கள் வாங்கக்கூடிய மேற்கோள்களின் தொகை. கணிதக்காரர் கட்டுரையின் கடைசியில் இருபது பெயர் எழுதுவார்; மூலக்கூறு உயிரியல்காரர் ஐம்பது, அறுபது எழுதுவார். அங்கேயே ஆட்டத்தில் பாதி முடிந்துவிட்டது. அடுத்தது வேகம். உயிரியலில் இன்று வந்த கட்டுரையை அடுத்த மாதமே எடுத்தாள்வார்கள். கணிதத்தில் ஒரு கட்டுரை நடுவர்களிடமிருந்து திரும்பி வரவே ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஆகும். தாக்கக் காரணி கணக்கில் எடுக்கும் இரண்டு ஆண்டுகள் அதற்குள் ஓடிவிடும். அப்புறம் கூட்டம். கணிதத்தில் தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ எழுதுகிறார்கள், பெயர்களை அகரவரிசையில் போடுகிறார்கள். இந்தப் பக்கம் துகள் இயற்பியலைப் பாருங்கள்: ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-ல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம். அதில் 24 பக்கம் ஆசிரியர்களின் பெயரும் ஊரும். அந்தக் கட்டுரைக்கு ஒரு மேற்கோள் விழுந்தால் 5,154 பேர் கணக்கிலும் முழுதாக ஒன்று ஏறும்.

சங்கரன்கோவிலில் கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. விசைத்தறியில் ஒரு நாளில் இறங்கும் சேலைக் கணக்கை வைத்துக் கைத்தறி நெசவாளியைச் சோம்பேறி என்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்கள் சொல்கின்றன.

ஒரே துறைக்குள்ளும் மேற்கோள் எண்ணிக்கை பெருமைக்கான அளவு அல்ல. 2014-ல் ‘நேச்சர்’ இதழ், வரலாற்றிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம், ஆலிவர் லவ்ரி 1951-ல் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் செய்முறை. மேற்கோள்கள் மூன்று லட்சத்துக்கு மேல். டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953 கட்டுரை அந்த நூறுக்குள் வரவே இல்லை. செய்முறையைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொருவரும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்பதற்கு இன்று யாரும் சாட்சி கேட்பதில்லை.

இந்த இடத்தில் நம்மவர் இன்னொருவரைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன், சுருக்கமாக ஜி. என். ஆர். பயிற்சியால் இயற்பியலாளர். சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952-ல் தலைவராக வந்தவர், இரண்டே வருஷத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு முப்புரிச் சுருள் அமைப்பை முன்வைத்தார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு அவர் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரையில், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்பது ஒரே படத்தில் வந்துவிட்டது. ‘ராமச்சந்திரன் வரைபடம்’ இல்லாத உயிர்வேதியியல் பாடநூல் உலகில் இல்லை. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தவர்கள் தங்கள் கணக்கு சரியா என்று இன்றும் அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. 1971-ல் லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதன் உருவத்தை மீட்டெடுக்க வேகமான கணக்கு வழி ஒன்றைத் தந்தார். சி.டி. ஸ்கேன் பொறியாளர்கள் அதை ‘ராம்-லாக் வடிகட்டி’ என்கிறார்கள். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்ற இரண்டு பெயர்களின் தலைப்பகுதிதான் அது; பயன்படுத்துகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.

இயற்பியல் பயின்று, உயிரியலுக்கு ஒரு படமும், மருத்துவப் பொறியியலுக்கு ஒரு சூத்திரமும் கொடுத்த இந்த மனிதரை எந்தத் துறையின் சராசரியோடு ஒப்பிடுவீர்கள்? அவருடைய வரைபடத்தைப் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் 1963 கட்டுரையைக் குறிப்பிடுவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கருத்து அத்தனை பேருக்கும் சொந்தமாகிவிட்டால் அதைச் சொன்னவருக்கு மேற்கோள் நின்றுபோகும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். உச்சத்தைத் தொட்ட ஆய்வுக்கு எண்ணிக்கை ஏறாமல் போவதும் உண்டு என்பது இதன் பொருள். பிள்ளை சார்பு, பின்னால் நாம் பார்க்கப்போகும் பிள்ளையின் ஊகம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

பிள்ளை என்றதும் பெயர்க் குழப்பம் மறுபடி தலைதூக்குகிறது. புள்ளியியல் மென்பொருள் எதைத் திறந்தாலும் ‘பிள்ளை டிரேஸ்’ என்று ஒரு சோதனை இருக்கும். அது நம் வல்லத்துப் பிள்ளை இல்லை; கேரளத்தைச் சேர்ந்த கே. சி. ஸ்ரீதரன் பிள்ளை. ‘பிள்ளை எஸ்.’ என்று தேடினால் நெல்லைச் சீமை தந்த இன்னொருவரும் வரவேண்டும்: தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. ஆனால் அவர் வரமாட்டார். தமிழில் ஆராய்ச்சி செய்கிற எவரும் லெக்சிகனைப் புரட்டாமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. 1924-லிருந்து 1936-க்குள் ஆறு தொகுதிகள், 1939-ல் ஒரு பின்னிணைப்பு. மேற்கோள் தரவுத்தளத்தில் அதற்கு இடம் இல்லை, ஏனென்றால் அது இதழ்க் கட்டுரை அல்ல. அதைப் புரட்டி எழுதப்படும் தமிழ் நூல்களும் அந்தத் தளங்களில் எண்ணப்படுவதில்லை. ஆக, கணக்கின்படி நம் மொழியின் மாபெரும் சொற்களஞ்சியம் ஒன்றை உருவாக்கியவருக்குத் தாக்கம் சுழியம். இந்த அளவுகோலை வைத்துத் தமிழ்த்துறைப் பேராசிரியரையும் நானோ வேதியியல் பேராசிரியரையும் ஒரே படிவத்தை நிரப்பச் சொல்வதை அநியாயம் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

துறை வித்தியாசத்தைச் சரிக்கட்ட வழி இல்லாமல் இல்லை. ஒரு கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்துவிடலாம். சராசரி 3 உள்ள துறையில் 6 வாங்கியவருக்கு 2; சராசரி 30 உள்ள துறையில் 30 வாங்கியவருக்கு 1. இது எவ்வளவோ நியாயம். ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸும் கூட்டாளிகளும் 2019 முதல் வெளியிடும் பட்டியலும் துறைவாரியாகப் பார்க்கிறது. ஆய்வாளர்களை 22 துறைகள், 174 உட்துறைகள் என்று பிரித்து, ஆறு அளவுகளைக் கலந்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். நம் ஊர்க் கல்லூரி வாசல்களில் “உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி” என்று ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்திருப்பீர்களே, அது இந்தப் பட்டியல்தான்.

பேனரில் எழுதாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பட்டியல் இரண்டு வகை: வாழ்நாள் முழுமைக்கும் ஒன்று, ஒரே ஓர் ஆண்டின் மேற்கோள்களுக்கு ஒன்று. இரண்டாவதில் ஏறுவது எளிது, அடுத்த வருஷம் இறங்குவதும் எளிது. பேனர் எதைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மற்றது, பட்டியல் 1960-க்குப் பிந்தைய கட்டுரைகளையே எண்ணுகிறது; மேற்கோள்களை 1996-லிருந்துதான் எண்ணுகிறது. 1950-ல் இறந்துபோன எஸ். எஸ். பிள்ளைக்கு அதில் கட்டுரை எண்ணிக்கை பூஜ்யம்.

அளக்கிறார்கள் என்று தெரிந்தால் மனிதர்கள் அளவுக்கு ஆடுவார்கள். தன் கட்டுரையைத் தானே எடுத்தாள்வது, நண்பர்கள் வட்டம் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் எடுத்தாள்வது, ஒரு ஆய்வை நாலாய் வெட்டி நாலு கட்டுரை ஆக்குவது, காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல், முனைவர் பட்டத்துக்கு முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது சரியான முடிவு. எண்ணைப் படைத்த ஹிர்ஷே 2020-ல், தன் எச்-இண்டெக்ஸ் பெருத்த கேடு விளைவிக்கக்கூடும் என்று எழுதினார்.

எண்களையெல்லாம் குப்பையில் போடு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே துறையில், ஒரே வயதில் உள்ள நூறு பேரைப் பார்க்கும்போது மேற்கோள் கணக்கு ஏதோ சொல்லத்தான் செய்கிறது. ஒரு தனி ஆளைப் பற்றி முடிவெடுக்கும்போது அது ஏறத்தாழ எதுவும் சொல்வதில்லை. அதற்கு அவருடைய கட்டுரைகளில் சிறந்த இரண்டையாவது, விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசித்தாக வேண்டும். நேரம் பிடிக்கும், வேறு வழி கிடையாது. தேர்வுக் குழுவில் உட்காரும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், எச்-இண்டெக்ஸை நீட்டுகிறவரிடம் எந்தத் துறை, எத்தனை ஆண்டு, எந்தத் தரவுத்தளம், எத்தனை கூட்டாசிரியர்கள் என்று கேளுங்கள். கூகுள் ஸ்காலரில் ஒரு எண் இருக்கும், ஸ்கோப்பஸில் அதைவிடச் சின்ன எண் இருக்கும், ஆள் ஒருவர்தான்.

பிள்ளைக்கு வருவோம். 4, 8, 9, 16, 25, 27, 32 என்று அடுக்கு எண்களை வரிசையாக எழுதினால் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் போகப்போக விரிந்துகொண்டே போகின்றனவா? எந்த ஒரு இடைவெளியும் சில தடவைகளுக்கு மேல் திரும்பி வராது என்பது பிள்ளையின் ஊகம். இடைவெளி 1 என்பது 8-க்கும் 9-க்கும் நடுவில் மட்டும்தான் என்று 2002-ல் மிஹாய்லெஸ்கு நிரூபித்தார். மற்ற இடைவெளிகளுக்கு இன்றுவரை நிரூபணம் இல்லை.

1942-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைக்கு, 1950-ல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓர் ஆண்டு தங்க அழைப்பு வந்தது. போகிற வழியில் ஹார்வர்டில் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்வதாக இருந்தார். ஆகஸ்ட் 31 அன்று அவர் போன டி.டபிள்யூ.ஏ. விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் எகிப்திலேயே விழுந்து நொறுங்கியது. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைக்கு வயது 49.

அவர் எழுதியவை பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித் தொகுத்தவர்கள் ஆர். பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும், நான்காம் அடுக்குக் கணக்கை முடித்த அதே பாலசுப்பிரமணியன். ராமானுஜன் கணிதக் கழகம் 2010-ல் அதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. தென்காசி மாவட்டத்தில் கணிதத் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் அந்த இரண்டு தொகுதிகளும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் நூலகரிடம் ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதிக் கொடுங்கள்.